ஆடவரும் காலுறையும்

உண்பது, உடுப்பது, உறைவது என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன. இவற்றுள் உணவைப் பற்றியும் உறையுளைப் பற்றியும் எழுதுவோரை அறிஞர் என்கின்றோம்; உடையைப் பற்றி எழுதுவோரை மட்டும் வேலையற்றவர் எனக் கருதுகின்றோம். இக்கருத்து எங்ஙனம் உண்டாயிற்றோ அறியேன். 'ஆள் பாதி, ஆடை பாதி' என்னும் பழமொழி வழங்காத வீடு நம் நாட்டில் இல்லை. ஆடை நம்மிற் பாதியாயின், அப்பாதியைப் பற்றிச் சிறிது ஆராய்வது தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணாக்கன் ஒருவனுக்கும் பொருந்தாத செயலாகாது. அதிலும், தலைப்பாகை, சட்டை, வேட்டி முதலிய பெருமை வாய்ந்த உடைகளை விட்டு, காலில் அணியும் உறையைப் பற்றி, அதனை ஆடவர் நாள்தோறும் அணிவதைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றேன். தலைப்பைக் கண்டவுடன் நகைக்கும் நண்பர்கள் உளர் என்பதை அறிவேன். அவர்கள் நகைத்து முடித்தபின் மேலே படிப்பார்களாக.

முதலிற் சொல்லைச் சிறிது ஆராய்வோம். காலுறை என்பது காரணப் பெயர். காலுக்கு உறையாவது காலுறை. முற்காலத்தில் இதனை மேஜோடு என்றும் வழங்கினர். இக்காலத்தில் சாக்ஸ் என்னும் சொல்லே பட்டிதொட்டியெங்கும் பரவிவிட்டது. கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் குறுங்காலுறையை ஆடவர் அணிந்தால் ஒருவரும் நகைப்பதில்லை. பள்ளிச் சிறுவன் முதல் நீதிபதி வரை எல்லோரும் அணிகின்றனர். அவ்வுறையே ஒரு சாண் நீண்டு முழங்காலைத் தொட்டால் பார்ப்போர் புருவம் நெரிகின்றது. மேலும் ஒரு சாண் நீண்டு, மெல்லியதாய், உடலின் நிறமுடையதாய் இருந்துவிட்டாலோ, "இது பெண்பிள்ளைகள் உடுப்பன்றோ?" என்று உடனே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். நீளம் இரண்டு சாண் மிகுந்த அளவில் ஆண்மை குறைந்துவிடுமோ? இவ்வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை.

மேனாட்டு உடை வரலாற்றைக் கற்போர் வியக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. நீண்ட காலுறை பல நூற்றாண்டுகள் வரை ஆடவரின் சிறப்பணியாகவே விளங்கிற்று. பெண்டிரும் காலுறை அணிந்தனர். ஆயினும் நிலந்தோயும் பாவாடைக்குள் அது மறைந்து கிடந்தமையால் அதனைக் கண்டார் இலர். காலைக் காட்டி நடந்தவர் ஆடவரே. 14-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆடவரின் மேற்சட்டை குறுகக் குறுகக் காலுறை மேலேறிற்று. அக்காலுறை பெரும்பாலும் பின்னியதன்று. நெய்த துணியை மூலைவாட்டில் வெட்டிக் காலோடு ஒட்டத் தைத்தது. ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியே இருந்த அதனை மேற்சட்டையோடு நாடாக்களாற் பிணைத்துக் கட்டுவர். 15-ஆம் நூற்றாண்டில் இரண்டு கால்களும் ஒன்றாய் இணைக்கப்பட்டன. இன்று பெண்டிர்க்கே உரியதென நாம் எண்ணும் 'டைட்ஸ்' என்பதற்கு முன்னோன் இவ்வுடையேயாம்.

வெனிஸ் நகரில் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் உயர்குடி இளைஞர் கூட்டங்கள் பல இருந்தன. விழாவெடுப்பதும் நாடகம் நடத்துவதும் அவர்தம் தொழில். ஒரு காலுக்கு ஒரு நிறமும் மற்றொரு காலுக்கு வேறு நிறமுமாக, தத்தம் கூட்டத்திற்குரிய அடையாளத்தோடு காலுறை அணிந்தமையால், அவர்களைக் 'காலுறைக் கூட்டத்தார்' என்றே உலகம் அழைத்தது. கார்ப்பாச்சோ என்னும் ஓவியர் தீட்டிய படங்களில் அவர்களை இன்றும் காணலாம். வயதில் நம் விடுதித் தோழர்களை ஒத்தவர்களே; வண்ணத்தில் மட்டும் நம்மை வென்றவர்கள்.

பிரெஞ்சு நாட்டை ஆண்ட பதினான்காம் லூயி மன்னரின் படத்தை 1701-இல் இரிகோ என்பவர் வரைந்தார். அது பாரிஸ் மாநகரின் லூவர் காட்சிச்சாலையில் உள்ளது. 60 வயதைக் கடந்த அம்மன்னர், தம் அரச உடையை ஒருபுறம் ஒதுக்கி, வெண்பட்டுக் காலுறை அணிந்த கால்களை உலகத்தார் காணுமாறு நீட்டி நிற்கின்றார். அவரை நோக்கி, "பெண் உடுப்பு" என்று சொல்ல எவர்க்கேனும் துணிவு உண்டாயிருக்குமோ? 18-ஆம் நூற்றாண்டிலோ, கெண்டைக்கால் மெலிந்த கனவான்கள் காலுறைக்குள்ளே திண்டு வைத்துக் காலைப் பருக்கச் செய்துகொண்டனர். அக்காலத்தில் ஆடவர்க்கு அழகு காலில் இருந்தது.

மற்றொரு செய்தியும் சுவையுடையது. ஆங்கிலத்தில் கற்ற பெண்டிரை 'நீலக் காலுறையார்' என்று வழங்குவதுண்டு. பின்னாளில் இஃது இகழ்ச்சிச் சொல்லாயிற்று. இதன் தோற்றத்தை ஆராய்ந்தவர், 1750-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எலிசபெத் மாண்டேகு அம்மையார் இலண்டனில் நடத்திய கற்றோர் கூட்டத்திற்குச் சென்ற பெஞ்சமின் ஸ்டில்லிங்பிளீட் என்னும் அறிஞரைக் காட்டுவர். அவையிற் செல்வோர் பட்டுக் காலுறை அணிவது முறையாக இருக்க, அவர் அன்றாடம் அணியும் நீலக் கம்பளிக் காலுறையோடு சென்றாராம். பெண்டிரைப் பழிக்க வழங்கிய சொல் ஓர் ஆடவரின் காலினின்றும் பிறந்தது என்பது எத்துணை விந்தை!

காலுறையின் பெருமையை அறிய வேண்டுவோர் வில்லியம் லீ என்பவரின் வரலாற்றையும் அறிதல் வேண்டும். நாட்டிங்காம் பகுதியிலுள்ள கால்வெர்ட்டனைச் சேர்ந்தவர். குருவானவராக இருந்தவர் என்பது வழிவழி வரும் செய்தி. அவர் 1589-இல் காலுறை பின்னும் பொறி ஒன்றை இயற்றினார். கையாற் பின்னுவோர் ஒவ்வொரு கண்ணியாகப் பின்னிவர, அப்பொறி ஒரு வரிசைக் கண்ணிகளை ஒருங்கே பின்னிற்று. முதலாம் எலிசபெத் அரசியார் அதற்கு உரிமைப் பட்டயம் வழங்க மறுத்தார். கைப்பின்னலால் உயிர்வாழும் ஏழைகள் இரந்துண்ண நேருமே என்று அவர் அஞ்சியதாகச் சொல்வர். லீ மனம் நொந்து பிரான்சு நாட்டிற்குச் சென்றார். அங்கே ஆதரவு தந்த நான்காம் ஹென்றி மன்னர் 1610-இற் கொலையுண்டார். சில ஆண்டுகளில் லீயும் அந்நாட்டிலேயே இறந்தார். அவர் கண்ட பயன் ஒன்றுமில்லை. அவர் பொறியின் வழித்தோன்றல்களோ இன்று உலகெங்கும் ஓடுகின்றன.

இத்துணைச் சிறப்புடன் இருந்த உடை ஆடவரை விட்டு நீங்கியது எங்ஙனம்? அதற்கும் காரணம் உண்டு. பிரெஞ்சு நாட்டில் முழங்காலளவான காற்சட்டையும் பட்டுக் காலுறையும் செல்வர்க்கு அடையாளம். நீண்ட காற்சட்டை உழைப்பாளிக்கு அடையாளம். 1789-இல் எழுந்த புரட்சியில் பாரிஸ் நகரத்துப் பொதுமக்கள், 'குறுங்காற்சட்டை இல்லாதவர்' என்னும் பெயரையே பெருமையாக ஏற்றுக்கொண்டனர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீண்ட காற்சட்டை ஐரோப்பா முழுவதும் பரவிற்று. அதனுள்ளே மறைந்த காலுறை, காண்பாரின்றிக் குறுகிக் கணுக்காலில் வந்து நின்றது. நாகரிகம் மாறியதும் கூலி குறைந்ததும் ஒன்றுசேரவே, காலுறை பின்னும் தொழிலாளர் பெருந்துன்பம் உற்றனர். 1811-இல் நாட்டிங்காம் பகுதியில் அவர்கள் பின்னற்பொறிகளை உடைக்கத் தொடங்கினர். பொறியுடைப்போர்க்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் 1812-இற் கொண்டுவரப்பட்டபோது, 24 வயதினரான பைரன் என்னும் கவிஞர் பிரபுக்கள் சபையில் தமது முதற்பேச்சை அத்தொழிலாளர்க்காகவே பேசினார். ஓர் உடை வழக்கொழிவது கண்ணாடி முன் நிற்பாரின் செய்தி மட்டுமன்று. அதனால் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அணைந்துவிடுகின்றது.

இதன்பின் நூறாண்டு கழிந்தது. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த பெரும்போருக்குப் பின்னர் மேனாட்டுப் பெண்டிரின் பாவாடை குறுகிற்று. மறைந்திருந்த அவர்தம் காலுறை வெளிப்பட்டது. அமெரிக்காவில் கண்டறியப்பட்ட நைலான் என்னும் இழையாற் செய்த காலுறை 1940 மே 15-ஆம் நாள் அந்நாடெங்கும் விற்பனைக்கு வந்தபோது, பெண்டிர் கடைகளின் முன்னே திரண்டு நின்றனர். 1959-இல் இரண்டு காலுறைகளையும் இடையுடுப்பையும் ஒன்றாக்கிய உடை அமெரிக்காவிலேயே தோன்றியது. ஆக, காலுறை பெண்டிர் உடுப்பு என்னும் எண்ணம் வேரூன்றி நூறாண்டு அளவே ஆகின்றது. அதற்கு முற்பட்ட ஐந்நூறாண்டு வழக்கை உலகம் மறந்துவிட்டது.

முற்றும் மறந்துவிட்டது என்பதும் பொருந்தாது. ஸ்காட்லாந்து நாட்டார் தம் கட்டம் போட்ட கில்ட் உடையோடு முழங்காலளவு கம்பளிக் காலுறை அணிகின்றனர். ஏதென்ஸ் நகரிற் காவல் புரியும் எவ்சோன் வீரர் நீண்ட வெண்காலுறையோடு நிற்கின்றனர். ஸ்பெயின் தேசத்தில் எருதோடு பொரும் மறவன் இளஞ்சிவப்புப் பட்டுக் காலுறை அணிந்தே களம் புகுகின்றான். அவனைக் கோழை என்பார் எவருமில்லை. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபைத் தலைமையில் அமர்ந்த லார்டு சான்ஸ்லர், சபையின் அன்றாட அலுவலிற் குறுங்காற்சட்டையும் நீண்ட காலுறையும் தவிர்க்க இசைவு பெற்றது 1998-இலேதான். நம் கல்லூரி விளையாட்டிடத்திற் கால்பந்து ஆடும் தோழர்கள் முழங்கால் வரை காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடுகையில் நாம் கைதட்டுகின்றோமேயன்றி நகைப்பதில்லை. 1974-இல் ஜோ நாமத் என்னும் அமெரிக்கப் பந்தாட்ட வீரர் பெண்டிர் காலுறை அணிந்து விளம்பரம் ஒன்றில் தோன்றியபோது அந்நாடே சிரித்தது. ஆயினும் அவர் வீரத்தை ஐயுற்றார் இலர். எமிலியோ கவல்லினி முதலிய இத்தாலிய உடையமைப்போர் இந்நூற்றாண்டில் ஆண் பெண் இருபாலார்க்கும் பொதுவாகக் காலுறை செய்து விற்கலாயினர். அவற்றை விரும்பி அணிந்து தெருவில் நடக்கும் ஆடவரும் மேனாடுகளிற் சிலர் உளர். பலர் அவர்களைப் பித்தர் என்கின்றனர்.

நிற்க. மேனாட்டார் காலைப் பற்றி இவ்வளவு ஆராய்ச்சி நமக்கு எதற்கு என்று வினவலாம். இவ்வாராய்ச்சியில் யான் புகுந்தது நூல்நிலையத்திலன்று. என் தந்தையாரின் காலிலிருந்தேயாம்.

என் தந்தையார் துணிக்கடை ஒன்றில் 24 ஆண்டுகளாகப் புடவை எடுத்துக் காட்டும் வேலை செய்பவர். காலை 9 மணிக்குக் கடையுட் புகுந்தால் இரவு 9 மணிக்கு வெளியே வருவார். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்னுள்ள நாட்களில் 11 மணியும் ஆகும். அத்தனை நேரமும் நிற்க வேண்டும். கடை ஊழியர்க்கு இருக்கை அளித்தல் வேண்டுமென 2018-இற் கேரள அரசும் 2021-இல் தமிழ்நாட்டு அரசும் சட்டம் செய்தன. அதன்பின் அவர் கடையிலும் நாற்காலிகள் சில வந்தன. உட்கார நாற்காலி வந்தது. உட்கார நேரம் வரவில்லை.

நிற்பவர் காலில் நிகழ்வதனை மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். காலுக்கு இறங்கிய இரத்தம் மீண்டும் நெஞ்சுக்கு ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து அதனை மேலே தள்ளுகின்றது. நாளங்களின் உள்ளே இருக்கும் சிறு கதவுகள் அது கீழே திரும்பாமல் தடுக்கின்றன. ஆடாமல் அசையாமல் நெடுநேரம் நிற்பவர்க்குத் தசை வேலை செய்வதில்லை. நாளடைவிற் கதவுகளும் தளர்கின்றன. இரத்தம் தேங்கி நாளங்கள் புடைத்து முறுக்கிக்கொள்ளுகின்றன. இதனையே நம்மவர் நரம்பு சுருட்டிக்கொண்டது என்பர். கவனியாது விட்டால் கணுக்கால் அருகே தோல் கறுத்துப் புண்ணாகும். இதற்குத் துணையாவது அழுத்தக் காலுறை. கணுக்காலில் மிகுதியாகவும் மேலே செல்லச் செல்லக் குறைவாகவும் அழுத்தும்படி அது பின்னப்பட்டிருக்கின்றது. அதன் அழுத்தத்தைப் பாதரச மில்லிமீட்டர்க் கணக்கில் அளக்கின்றனர்.

இதனைக் கண்டவர் வரலாறும் அறியத்தக்கது. கொன்ராட் யோப்ஸ்ட் என்னும் பொறியியலார், ஜெர்மனியிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர், தாமே இந்நோயால் வருந்தினார். நீச்சற் குளத்தில் நிற்கும்போது மட்டும் தம் கால்வலி தணிவதை உணர்ந்தார். குளத்து நீர் ஆழத்தில் மிகுதியாகவும் மேலே குறைவாகவும் அழுத்துவதன்றோ! அவ்வழுத்தத்தையே துணியில் அமைத்தால் என்ன என்று எண்ணி, 1950-ஐ ஒட்டி இவ்வகைக் காலுறையைச் செய்தார். ஆகவே, இக்காலத்து அழுத்தக் காலுறை ஓர் ஆடவர் தம் காலுக்காகச் செய்துகொண்டது.

இவ்வளவும் தெரிந்தும் தந்தையார்க்கு அதனை அணிவது எளிதாக இல்லை. காரணம் இது: புடவைப் பகுதியில் வெள்ளை விரித்த மெத்தை மேடைமேல் வெறுங்காலோடு நிற்க வேண்டும். விரல்கள் வெளியே தெரிய, உடலின் நிறத்தில், முழங்கால் வரை ஏறியிருந்த அவ்வுறை கால்சட்டையின் ஓரத்தில் எல்லோர் கண்ணுக்கும் பட்டது. முதல் நாளே உடன் வேலை செய்பவர் ஒருவர், "என்ன அண்ணாச்சி, மதினியின் உறையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டீர்களோ?" என்றாராம். சுற்றியிருந்தவர் சிரித்தனர். புடவை பார்க்க வந்த பெண்களும் குனிந்து நோக்கினராம். இதனைத் தந்தையார் எங்களிடம் அன்று சொல்லவில்லை. நாள்தோறும் காலையில் உறையை அணிந்து புறப்படுவார். இரவில் அணிந்தே திரும்புவார். ஒரு திங்கள் கழித்து அதனைத் துவைக்க எடுத்த என் தாயார், "நாள் முழுதும் காலில் கிடந்த உறைக்கு வேர்வையும் இல்லை, அழுக்கும் இல்லையே" என்று மட்டும் கூறினார். தந்தையார் மறுமொழி கூறாமல் வாசலுக்குச் சென்றுவிட்டார். பேருந்து நிலையத்திற் கழற்றிச் சோற்றுப் பையில் வைத்துக்கொண்டு, இரவில் அங்கேயே மீண்டும் அணிந்து வந்திருக்கின்றார்.

அவ்வாண்டு மழைக்காலத்திற் கணுக்காலிற் புண் உண்டாயிற்று. மூன்று திங்கள் வரை ஆறவில்லை. மருத்துவர் புண்ணைக் கழுவி, கால் முழுவதும் அழுத்தக் கட்டுக் கட்டினார். இங்கே யான் கண்ட வியப்பைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. அந்த வெள்ளைக் கட்டோடு தந்தையார் மேடைமேல் நின்றபோது ஒருவரும் நகைக்கவில்லை. "அண்ணாச்சி, வலிக்கின்றதா?" என்றனர், மேல்தட்டுப் புடவையைத் தாமே எடுத்துக் கொடுத்தனர், நகைத்தவரே நாற்காலி கொண்டுவந்து போட்டார். கட்டுச் செய்ததும் காலை அழுத்துவதே. உறை செய்ததும் காலை அழுத்துவதே. ஒன்றிற்கு இரக்கம் கிடைத்தது. மற்றொன்றிற்கு நகை கிடைத்தது. புண் வந்தபின் இரங்கும் உலகம், புண் வாராமற் காத்துக்கொள்பவனைப் பார்த்து நகைக்கின்றது.

கட்டை அவிழ்க்கும் நாளில் யானும் உடன் சென்றிருந்தேன். மருத்துவமனை விசுப்பலகையில் எங்களுக்கு முன்னே காத்திருந்தவர் ஏறக்குறைய எல்லோரும் ஆடவரே. முடிதிருத்துபவர் ஒருவர், பரோட்டாக் கடையிற் கல்லின் முன் நிற்பவர் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர், போக்குவரத்துக் காவலர் ஒருவர். எல்லாம் நின்று பிழைக்கும் கூட்டம். இனி வாழ்நாள் முழுதும் உறை அணிய வேண்டுமென மருத்துவர் கூறியதைத் தந்தையார் வருத்தத்தோடு சொல்ல, அக்காவலர் தம் காக்கிக் காற்சட்டையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். உள்ளே அதே நிறத்து உறை. "மூன்று வருடமாக இதைப் போட்டுக்கொண்டுதான் நாற்சந்தியில் நிற்கிறேன், ஐயா" என்றார். "உங்களுக்குப் பூட்ஸ் இருக்கிறது, மறைத்துக்கொள்ளலாம். நான் வெறுங்காலோடு மேடையில் நிற்கிறவன்" என்றார் தந்தையார். காவலர் சற்று நேரம் எண்ணி, "கால் உங்களுடையதா, பார்க்கிறவனுடையதா?" என்றார்.

மறுநாள் முதல் தந்தையார் உறையைக் கழற்றவில்லை. சிரிப்பு நான்கு நாள் இருந்தது. ஐந்தாம் நாள், முதலில் எள்ளிய அந்நண்பரே தேநீர் வேளையில் ஒதுக்கமாக அழைத்துச் சென்று, "அண்ணாச்சி, இஃது எந்தக் கடையில் கிடைக்கும்? எனக்கும் இரவில் கால் கடுக்கிறது" என்று கேட்டாராம். அக்கடையில் இப்பொழுது மருத்துவர் சொற்படி உறை அணிவோர் மூவர்.

எங்கள் பெரியப்பா வேத வாசிப்பில் தேர்ந்தவர். ஆடவர் பெண்டிர் உடையைத் தரித்தலாகாது என்று உபாகமத்தில் விதித்திருப்பதை நினைவூட்டி, அவர் சிறிது தயங்கினார். எது பெண்டிர் உடை என்பதைக் காலமும் இடமும் வகுக்கின்றன அன்றோ? யான் அவரிடம், தானியேல் ஆகமத்தில் அக்கினிச் சூளையில் எறியப்பட்ட மூவரின் உடையைக் கூறுமிடத்து, 1611-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பிற் காலுறையைக் குறிக்கும் பழஞ்சொல்லே ஆளப்பட்டிருப்பதைக் காட்டினேன். மொழிபெயர்த்தோர் காலத்தில் அஃது ஆடவர் உடையாகவே இருந்தது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி ஐயா, சூளையிலேயே போட்டிருந்தார்கள் என்றால் துணிக்கடையிலும் போடலாம்" என்றார்.

இதனால் நம் நாட்டு ஆடவர் எல்லோரும் நைலான் காலுறை அணிதல் வேண்டுமென யான் வாதிக்க வந்தேனல்லேன். நம் வெயிலுக்குக் காற்றோட்டமான வேட்டியினும் சிறந்த உடை பிறிதில்லை. 1931-இற் காந்தியடிகள் இலண்டன் மாநகரில் அரசரைக் காணச் சென்றபோதும் காலுறையின்றியே சென்றார். அவர் பெருமை அதனாற் குறையவில்லை. காலில் இரத்தம் செல்லும் நாடிகள் அடைபட்ட நோயாளர்க்கு அழுத்தக் காலுறை தீங்கு செய்தலும் கூடும்; ஆதலின் மருத்துவரைக் கேளாமல் அணிவதும் தகாது. யான் வற்புறுத்துவது வேறொன்று. மேனாட்டுத் தெருக்களிற் பகட்டுக்காகக் காலுறை அணிந்து நடக்கும் ஆடவரைப் பித்தர் என்கின்றோமே, அவர்களாலும் ஒரு நன்மை விளைகின்றது. விருப்பத்தால் அணிபவன் ஒருவன் அதனை வழக்கமாக்கிவிட்டால், தேவையால் அணிபவன் நாணாமல் அணியலாம். மூக்குக்கண்ணாடி அணிந்தவனை நாம் இன்று நோயாளி என்று நோக்குவதில்லை. அழகிய சட்டமிட்டு அதனை அணியாக்கிக்கொண்டோம். அந்நிலை காலுறைக்கும் வந்திருக்குமாயின், என் தந்தையார் பேருந்து நிலையத்திற் குனிந்து நின்று அதனைக் கழற்றியிருக்க மாட்டார்.

இன்னும் ஒன்று கூறி அமைவேன். காலுறையையும் அது போன்ற பின்னலுடைகளையும் ஆங்கிலத்தில் ஹோசியரி என்பர். காலுறையைக் குறிக்கும் பழஞ்சொல்லே அதன் பகுதி. அச்சொல் கடல் கடந்து நம் திருப்பூருக்கு வந்து, அங்கே பனியனுக்குப் பெயராகிவிட்டது. ஹோசியரித் தொழில் என்றால் அவ்வூரிற் பனியன் தொழிலே. வில்லியம் லீ காலுக்காக இயற்றிய பின்னற் கலை, திருப்பூரில் மார்புக்கு ஏறிவிட்டது. ஆதலின், சட்டைக்குள்ளே பனியன் அணிந்துகொண்டு இக்கட்டுரையைப் படித்து நகைக்கும் நண்பர் ஒவ்வொருவரும் நாள்தோறும் ஹோசியரி அணியும் ஆடவரே என்பதை மறவாதிருத்தல் வேண்டும். உறை மார்பில் இருந்தால் மானம். ஒரு முழம் கீழே இறங்கினால் அவமானம் என்பது என்ன நியாயம்?

நமக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியர்கள் நாள்தோறும் பல மணி நேரம் நின்றுகொண்டே சொல்லுகின்றனர். நம் விடுதிச் சமையலறையிலும், நாம் துணியெடுக்கும் கடையிலும், ஊருக்குப் போகும் பேருந்திலும் நமக்காக நிற்பவர் பலர். அவருள் ஒருவரின் காலில், ஓரத்தில், உடலின் நிறத்து உறை ஒன்று தெரியுமாயின், தோழர்களே, கண்ணை வேறுபுறம் திருப்ப வேண்டா, நகைக்கவும் வேண்டா. அவர் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். அருகில் நாற்காலி இருந்தால் அதனைச் சற்று முன்னே தள்ளுங்கள்.